இடப்பக்கச் சக்கரங்கள்

அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிய காணொளியைப் பதினேழு தடவை பார்த்துவிட்டேனாம். என் மனைவி தவமணி எண்ணிச் சொன்ன கணக்கு. மகள் ஒரு காரின் பின் ஆசனத்தில் இருக்கிறாள். முன்னால் ஒருவரும் இல்லை. ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. ஒரு கிழவர் நாயைப் பிடித்துக்கொண்டு றோட்டைக் கடக்க, கார் நின்று, அவர் மறுகரையில் ஏறும்வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு மெல்லப் புறப்படுகிறது. எங்கள் ஊர்ப் பஸ்காரர்களுக்குக் கட்டாயம் போட்டுக் காட்டவேண்டிய படம்.

"பாருங்கோ அப்பா, றைவர் இல்லை. இது அங்கையும் வந்தா நீங்கள் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை, ஏறி இருந்தாச் சரி" என்கிறாள் மகள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் என் கண்கள். நான் சாரதிப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன். லைசன்ஸ் கேட்டு வருகிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்து, ஓட்டலாம் அல்லது ஓட்டக்கூடாது என்று சொல்வதுதான் தொழில். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் கண் டாக்குத்தர் என்னை ஒரு மெசினுக்குள் தலையை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரிகிற நேரமெல்லாம் பொத்தானை அமத்தச் சொன்னார். நன்றாகத்தான் அமத்தினேன் என்று நினைத்தேன். வெளியே வந்த தாளில் இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை சுருங்கிவிட்டதாம். நேரே பார்த்தால் இரணைமடுக் குளத்தின் மறுகரைப் பனையும் தெரியும். பக்கத்தில் வருகிற சைக்கிள் தெரியாது.

"என்ன வேலை செய்தனீங்கள்?" என்று டாக்குத்தர் கேட்டார். சொன்னேன். "அப்ப நான் சொல்லத் தேவையில்லை" என்று பேனையை மூடினார்.

அன்றிலிருந்து கார் கொட்டிலுக்குள் நிற்கிறது. பற்றறி இறங்காமல் இருக்க ஒவ்வொரு காலையும் போய் ஸ்ராட் பண்ணுவேன். பத்து நிமிடம் சாரதி ஆசனத்தில் இருப்பேன். தவமணி தேத்தண்ணியை அங்கேயே கொண்டுவந்து யன்னலால் நீட்டுவாள்.

"இண்டைக்கு எவடம் போறியள்?"

"முல்லைத்தீவுக்கு."

"கடலைக் கேட்டதெண்டு சொல்லுங்கோ."

பகிடியாகத்தான் கேட்பாள். ஆனால் எனக்கு உண்மையிலேயே போகவேண்டும் போல இருக்கிறது. பரந்தன் சந்தியால் திரும்பி, யன்னலை இறக்கிவிட்டு, மூன்றாம் கியரில் வயல் காற்றோடு போய்க் கடற்கரையில் நிறுத்தவேண்டும். பஸ்ஸில் போகலாம், மருமக்கள் கூட்டிப்போவார்கள். அது போவது, நான் ஓட்டுவது அல்ல. மகளின் காணொளியைப் பதினேழு தடவை பார்த்ததும் அந்த ஆசையால்தான்.

இப்படி இருக்கும்போது லைசன்ஸ் கொடுக்கும் எங்கள் பழைய கந்தோரில் இருந்து குகன் போன் எடுத்தான். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னர் வேலைக்கு வந்த இளம் பரிசோதகன். பரிசோதகர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடக்கப்போகிறதாம். அதில், சாரதியில்லாத கார் வன்னி றோட்டுக்குச் சரிவருமா என்று ஒரு வாதம் வைத்திருக்கிறார்களாம். "நீங்கள்தான் சேர் நடுவர்" என்றான். நான் பஸ் ஏறிப் போனேன்.

சரிவரும் என்று குகன் வாதாடினான். மெசின் குடிக்காது, நித்திரை தூங்காது, போன் கதைக்காது, கோபத்தில் முந்தாது. அதுக்கு நாலு பக்கமும் கண். "நாங்கள் பாஸாக்கி விட்ட மனிசரால எத்தினை சாவு நடந்தது எண்டு நெஞ்சில கைவைச்சுச் சொல்லுங்கோ" என்று முடித்தான். எனக்கு அது தைத்தது. அந்த நாலு பக்கக் கண்ணில் இரண்டு பக்கம் எனக்குக் கிடைத்தால் போதும் என்றும் நினைத்தேன்.

சரிவராது என்று வாதாடியது தர்சினி. கந்தோரின் முதல் பெண் பரிசோதகர். மாசி மாதத்தில் வட்டக்கச்சி றோட்டில் பாதிக்கு நெல் காயும்; அது கார் கண்ணுக்கு நெல்லா, மணலா? அந்திக்கு மாடுகள் சூட்டுக்குத் தார் றோட்டில் படுத்திருக்கும். ஹோர்ன் அடித்தும் எழும்பாத மாட்டுக்குப் பின்னால் அந்தக் கார் விடியுமட்டும் நிற்குமா? சபை சிரித்தது. "அதெல்லாம் பழகப் பழகப் படிச்சிடும். எத்தினையோ தூரம் ஒரு விபத்தும் இல்லாம ஓடியிருக்கு" என்றான் குகன்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சேர், நீங்கள் இண்டைக்குக் கந்தோரில இருந்தா அதுக்கு லைசன்ஸ் குடுப்பியளோ?"

"இடப்பக்கம் ஓரமா நிப்பாட்டு எண்டு சொல்லிப் பாப்பன்" என்றேன்.

மறுபடி சிரிப்பு. இப்போது சோதனையில் அதைவிட லேசான விசயம் இல்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் நசீர் சேரின் கதையை அவர்களுக்குச் சொன்னேன். இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

நான் எழுதுவினைஞராக, கிளாக்கராகத் தொடங்கியவன். இடையில் கார் பழகினேன், பரிசோதகர் பரீட்சை எழுதினேன், இரண்டு தரம் கோட்டைவிட்டேன். அதற்குள் போர் எங்களைத் தூக்கி எறிந்தது. வட்டக்கச்சியில் இருந்து கிழக்கே கிழக்கே போய், முகாமில் இருந்து, திரும்பி வந்தபோதுதான் மூன்றாந்தரம் எழுதிய பரீட்சை சரிவந்தது. ஒரு தகரக் கொட்டகையில் கந்தோர் திறந்தார்கள். எனக்கு மேலதிகாரியாக வவுனியாவில் இருந்து நசீர் சேர் வந்தார்.

வெள்ளை முழுக்கைச் சேட்டு, மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டியிருப்பார். ஒரு பென்சில், ஒரு அட்டை. வருகிறவரை முதலில் வாகனத்தைச் சுற்றி ஒருதரம் நடக்கச் சொல்வார். நடந்தால் போதும், ஒன்றும் கேட்கமாட்டார். ரயரைப் பார்க்கிறவர் யார், சும்மா வலம் வருகிறவர் யார் என்று அவர் பார்த்துக்கொள்வார். காருக்குள் அவர் வாயில் இருந்து வருவது ஆறே ஆறு கட்டளை. ஒரு சொல் கூடாது, குறையாது. புள்ளித்தாள் மடியில் கவிழ்ந்தபடி இருக்கும். கார் நின்று என்ஜின் அணைந்த பிறகுதான் அதை நிமிர்த்துவார்.

"ஓடேக்க நான் எழுதினா அவர் றோட்டைப் பாக்கமாட்டார், என்ர பென்சிலைத்தான் பாப்பார்" என்பார். முடிவையும் தானேதான், காருக்குள்ளேயே, முகத்தைப் பார்த்துச் சொல்வார். பெயில் என்ற சொல்லை ஒரு கிளாக்கர் வாயால் யன்னலுக்குள்ளால் கேட்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

ஆறில் ஐந்தாவது கட்டளைதான் இந்தக் கதை. "இடப்பக்கம் ஓரமாக நிறுத்துங்கள்." சிக்னல் போட்டு, பக்கக் கண்ணாடி பார்த்து, இடப்பக்கச் சக்கரம் இரண்டும் தாரை விட்டுக் கரை மண்ணில் இறங்கும்படி நிறுத்தவேண்டும். எங்கள் றோட்டுகள் ஒடுக்கம். தாரிலேயே நின்றால் பின்னால் வரும் லொறி எங்கே போகும்?

முதல் நாள் வந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. லொறி ஓடித் தேர்ந்தவர், பிரசவத்துக்குப் போன பெண்களை உழவு மெசினில் ஏற்றி ஓடியவர், எல்லோரும் அழகாகச் சிக்னல் போட்டு, அழகாக மெதுவாக்கி, நாலு சக்கரமும் தாரில் இருக்க நிறுத்தினார்கள். நசீர் சேர் ஒவ்வொருவராகப் பெயிலாக்கினார். "பின்னால லொறி வந்தா என்ன செய்வீர்?" என்று கேட்பார். "சரி சேர்" என்று இறங்கிப் போவார்கள். ஏன் இறக்கவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்கு அதிகாரிகளிடம் காரணம் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

எனக்குக் காரணம் தெரியும். மீளக் குடியேறி வந்த நாள் எங்களுக்குச் சொன்ன முதல் வார்த்தையே கண்ணிவெடி இருக்கு, தார் றோட்டை விட்டு இறங்காதேங்கோ என்பதுதான். எங்கள் ஒழுங்கையில் ஒருவரின் பசு கரைப் புல்லுக்கு வாய் வைக்கப் போய்ச் சிதறியது. சத்தம் கேட்டு ஓடிப்போனவர்களும் தார் ஓரத்தில்தான் நின்றோம். அவசரத்துக்குக்கூட ஆம்பிளையள் பற்றைப் பக்கம் போகவில்லை. றோட்டிலேயே திரும்பி நின்று அலுவலை முடித்தார்கள். கால் தானாகவே தாரைத் தேடும். காரின் காலும் அப்படித்தான்.

இதை நான் நசீர் சேருக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது ஒரு காரணம். பயந்த ஊர்க்காரன் என்று அவர் நினைத்துவிடுவார் என்ற வெட்கம் பெரிய காரணம்.

அந்த வரிசையில்தான் சிவமலர் வந்தார். கண்டாவளைக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. கண்ணிவெடி அகற்றும் வேலை. காலையில் இருந்து முகக்கவசம் போட்டு, முழங்காலில் இருந்து, கைச்சாண் கைச்சாணாக மண்ணைக் கிளறுகிற வேலை. லைசன்ஸ் எடுத்தால் அவர்களுடைய அம்புலன்சுக்குச் சாரதியாகப் போடுவதாக மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். முழங்காலில் இருந்து எழும்ப அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். இரண்டு தரம் நசீர் சேர் பெயிலாக்கிவிட்டார், அதே ஐந்தாவது கட்டளையில்.

மூன்றாந்தரம் அவர் வந்த நாள், எனக்கும் சோதனை நாள். நான் தனியாகப் பரிசோதித்துக் காட்டவேண்டும். நசீர் சேர் பின் ஆசனத்தில் இருந்து என்னைப் பார்ப்பார். அதன் பிறகுதான் என் நிரந்தரக் கடிதம். சிவமலர் காரைச் சுற்றி நடந்தார். நாலு ரயரையும் குனிந்து பார்த்தார், காருக்குக் கீழேயும் பார்த்தார். ஏறினார். நான் இடப்பக்கம் ஏறி, தாளை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

எவ்வளவு நல்ல ஓட்டம். கிளச் எப்போது விட்டார் என்றே தெரியாது. சந்தியில் நின்றார், ஆடு மாட்டுக்கு நின்றார். பற்றை மண்டிய ஒரு நேர் றோட்டு வந்தது. வெடி எச்சரிக்கைப் பலகை இல்லை, சிவப்புத் தடி இல்லை. வழக்கமாக நசீர் சேர் ஐந்தாவது கட்டளை சொல்லும் இடம்.

"இடப்பக்கம் ஓரமாக நிறுத்துங்கள்" என்றேன்.

சிக்னல் போட்டார். கண்ணாடி பார்த்தார். நாலு சக்கரமும் தாரில் இருக்க நின்றார். ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"இதில இறக்கமாட்டன் சேர். அங்கால பாலை மரத்தடியில இறக்கிறன். அது நாங்கள் துப்பரவாக்கின இடம்."

"இதில பலகை ஒண்டும் இல்லைத்தானே?"

"பலகை இல்லாட்டி வெடி இல்லையெண்டில்லை சேர். இதை ஒருத்தரும் இன்னும் பாக்கேல்லை."

பின் ஆசனத்தில் நசீர் சேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன இடத்தில் நிறுத்தவேண்டும் என்பது விதி. நான் கட்டளையைத் திருப்பிச் சொன்னேன். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"அப்ப நீங்கள் இறங்கிக் காட்டுங்கோ சேர். நான் காரை இறக்கிறன்."

எங்கள் நாட்டில் சாரதி வலப்பக்கம், பரிசோதகர் இடப்பக்கம். கரைப் பக்கத்துக் கதவு என் கதவு. கையைக் கதவுப் பிடியில் வைத்தேன். வெளியே முழங்கால் உயரப் புல். அந்தப் பசுவின் நினைவு வந்தது. கை பிடியிலேயே இருந்தது. நான் இறங்கவில்லை.

கையை எடுத்தேன். தாளை நிமிர்த்தினேன். "பரிசோதகர் சொன்ன இடத்தில் நிறுத்தவில்லை" என்று எழுதி, முகத்தைப் பார்த்துப் பெயில் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்தேன் என்பதும் பொய். நெற்றியைப் பார்த்தேன்.

"கந்தோருக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடட்டோ சேர்?" என்று கேட்டார். திரும்பும் வழியிலும் ஒரு பிழை விடவில்லை. இறங்கும்போது ஹாண்ட் பிறேக் போட்டு, கார்த் திறப்பை என் கையில் தந்துவிட்டுத் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நசீர் சேர் காரை விட்டு இறங்கவில்லை. பின் ஆசனத்தில் இருந்தபடியே கேட்டார்: "நாயகம், நீர் ஏன் கதவைத் திறக்கேல்லை?"

"பயம் சேர்."

"அவாவுக்கும் பயம்தானே?"

"இல்லை சேர். எனக்குப் பயம். அவாவுக்குத் தெரியும்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பசுவை, தாரை, முதல் நாளில் இருந்து சனம் ஏன் இறக்கவில்லை என்பதை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திருப்பித் துடைத்தார். "பிறகு வந்ததில ரெண்டு மூண்டு பேர் இறக்கினவங்கள். அவங்களைத்தான் நான் பாஸாக்கினனான்" என்றார். "யோசியாத ஆக்களாப் பொறுக்கியெடுத்துப் பாஸாக்கியிருக்கிறன்." அவர் குரல் அப்படி இறங்கி நான் முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அடுத்த நாள் கண்ணிவெடிக்காரர்களின் கந்தோருக்குத் தானே போய், துப்பரவாக்கி முடிந்த இடங்களின் வரைபடம் வாங்கி வந்தார். அதில் மூன்று இடம் தெரிந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கல்லை நட்டு, வெள்ளைச் சுண்ணாம்பைத் தன் கையாலேயே பூசினார். அந்த முழுக்கைச் சேட்டின் பொத்தானைக் கழற்றி அவர் மடித்துவிட்டதை அன்று ஒருநாள்தான் கண்டேன். பெயிலான எல்லோருக்கும் திரும்ப வரும்படி கடிதம் போட்டார். எல்லோரும் வந்தார்கள், சக்கரம் மண்ணில் இறங்கியது, லைசன்சோடு போனார்கள்.

சிவமலர் வரவில்லை. அம்புலன்சுக்கு வேறு மாவட்டத்தில் இருந்து ஒருவரை எடுத்துவிட்டார்கள். இனித் தேவையில்லை, நன்றி என்று ஒரு ஆளிடம் சொல்லிவிட்டிருந்தார். திரும்ப முழங்காலில் இருந்து வேலை செய்யப் போய்விட்டார்.

என் நிரந்தரக் கடிதம் வந்தது. நசீர் சேர் மாற்றலாகிப் போன நாளில், "அவா எண்டைக்கு வந்தாலும் நீர்தான் பக்கத்தில இருக்கோணும்" என்று மட்டும் சொன்னார். இப்போது அவர் இல்லை. நான் ஓய்வு பெறும்வரை, காலையில் பெயர்ப் பட்டியல் வந்தால் முதலில் தேடும் பெயர் அதுதான். கண்டாவளை தூரம் இல்லை. ஒருநாள் போய்க் கூப்பிட்டிருக்கலாம். வருவார் வருவார் என்று காத்திருந்தேனே தவிரப் போகவில்லை. அந்தக் கதவைத் திறக்காத அதே ஆள்தானே நான்.

கதையை இவ்வளவில் நிறுத்திவிட்டுச் சபைக்குச் சொன்னேன்: "ஒண்டும் நடக்கேல்லை எண்டுறது வேற, ஒண்டும் இல்லை எண்டு பாத்துச் சொல்லுறது வேற. அந்தக் கார் எத்தினை தூரம் விபத்தில்லாம ஓடினது எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. ஓரமா நிப்பாட்டு எண்டு நான் சொன்னா, உடன இறக்கினாலும் பயம், இறக்காம நிண்டாலும் பத்தாது. இதை ஒருத்தரும் இன்னும் பாக்கேல்லை எண்டு அது என்னட்டைச் சொல்லோணும். சொல்லுமெண்டா லைசன்ஸ் குடுப்பன். முதல் ஆளா நானே ஏறுவன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. குகன்தான் எழும்பினான்.

"சேர், அந்தச் சிவமலர், உழவு மெசின் ஓடுறவாவோ? போன மாசம் லைசன்ஸ் இல்லாம ஓடினதெண்டு பொலிஸ் மறிச்சு வழக்குப் போட்டவை. வயதான மனிசி, வழக்குக்குக் காகிதம் கேட்டு எங்கட கந்தோருக்கும் வந்தவா. சோதினைக்குப் பேர் குடுங்கோ எண்டன். வேண்டாம் எண்டு போட்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்டாவளைக்குப் போனோம். தவமணி என் இடப்பக்கம், சேட்டுக் கையைப் பிடித்தபடி. எனக்குத் தெரியாத பக்கத்தை அவள்தான் பார்க்கிறாள். சிவமலர் வாசலில் கதிரையில் இருந்தார். நிலத்தில் இருந்தால் முழங்கால் எழும்ப விடாதாம். தலை பாதி நரைத்திருந்தது. ஆளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"சேரோ? மெலிஞ்சு போனியள்."

"இவர் உங்கட பேரைச் சொல்லாம எங்கட வீட்டில சோறு தின்ற நாள் குறைவு" என்றாள் தவமணி. "நான் முதல்ல வேற மாதிரி யோசிச்சிட்டன்."

சிவமலர் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அவர் மகன் தோட்ட வேலைக்கு வேறு ஊர் போய்விட்டான், மகள் படிக்கிறாள். குத்தகைக்கு எடுத்த உழவு மெசின்தான் சீவியம். இன்னொரு தரம் மறித்தால் மெசினையே கொண்டுபோவார்கள் என்று பொலிஸ் சொல்லியிருக்கிறது. இப்போது ஒழுங்கைக்குள் மட்டும் ஓடுகிறார், தார் றோட்டில் ஏறுவதில்லை. முன்பு தாரை விட்டு இறங்கப் பயந்த சனம். இப்போது இவர் தாரில் ஏறப் பயப்படுகிறார். அதற்குக் காரணம் என் பென்சில்.

"அந்த இடம்," என்றேன். "நான் நிப்பாட்டச் சொன்ன இடம்."

"அடுத்த வருசம் அது எங்கட பகுதிக்குத்தான் வந்தது சேர். நான்தான் பாத்தனான். பதினொரு நாள் எடுத்தது."

"என்ன கிடந்தது?"

"ஒண்டுமில்லை. ஒரு மண்வெட்டித் தலை. ரெண்டு துருப்பிடிச்ச பால்மா ரின்."

"அப்ப அண்டைக்கு நான் பெயிலாக்கினது சரியெண்டு ஆகிப்போச்சுது" என்றேன்.

"இல்லை சேர்." பொறுமையாகத்தான் சொன்னார், பிள்ளைக்குக் கணக்குச் சொல்வது போல. "ஒண்டுமில்லை எண்டு அண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. நான் முழங்காலில இருந்து பாத்த பிறகுதான் தெரிஞ்சது."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தவமணிக்குத் தேத்தண்ணி நீட்டினார். என் கார் கொட்டிலுக்குள் சும்மா நிற்கிறது, எடுத்துப் பழகுங்கோ, சோதனைக்குப் பேர் கொடுங்கோ என்றேன்.

"திருப்பிப் பெயிலாகிறதுக்கோ?"

"இந்தமுறை நான் பரிசோதகர் இல்லை. தர்சினி எண்டொரு பிள்ளை. நல்ல பிள்ளை, காரணம் கேக்கும்."

முற்றத்தில் நின்ற உழவு மெசினைப் பார்த்தார். "சரி, வாறன்" என்றார்.

பழகும் அனுமதி எடுத்து, காரில் எல் பலகை கட்டி, விடுமுறை நாளில் குகன் பழக்க வந்தான். என் கண்ணோடு நான் பக்கத்தில் இருப்பது சட்டத்துக்கும் சரியில்லை, எனக்கும் சரியில்லை. ஆகவே குகன் முன்னால் இடப்பக்கம். தவமணியும் நானும் பின்னால், நான் இடப்பக்கக் கதவோடு. நசீர் சேர் இருந்த இடம். சிவமலர் காரைச் சுற்றி நடந்தார், குனிய முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நாலு ரயரையும் பார்த்தார்.

அதே ஓட்டம். கியர் மாறும்போதெல்லாம் என் இடது கால் தானாக இல்லாத கிளச்சை மிதித்தது. யன்னலை இறக்கினேன். என் கார் ஓடும் சத்தத்தை வீட்டுக்கு வெளியே கேட்டு இரண்டு வருடமாகிவிட்டது. லைசன்ஸ் கிடைத்தால் முதல் வேலை முல்லைத்தீவுக் கடல் என்று தவமணி சிவமலரிடம் ஒப்பந்தம் பேசிக்கொண்டு வந்தாள்.

அந்த நேர் றோட்டு வந்தது. இப்போது வழுவழுப்பான காப்பெற் தார், இரண்டு கரையும் மட்டமாக இருந்தது. மகளின் அந்தக் கார் இங்கே ஒருநாள் வரும். வரட்டும். இந்தக் கரையில் யோசிக்காமல் இறங்கி நிற்கும். அதற்கு அது சரியான கரையாகத்தான் இருக்கும். ஏன் சரி என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்குமோ தெரியாது.

குகன் திரும்பி என்னைப் பார்த்தான். "சேர், நீங்கள் சொல்லுங்கோ."

"இடப்பக்கம் ஓரமாக நிறுத்துங்கள்" என்றேன்.

சிக்னல் போட்டார். கண்ணாடி பார்த்தார். இடப்பக்கச் சக்கரம் இரண்டும் தாரை விட்டு இறங்கின. என் கால்கள் இரண்டும் தானாகத் தரையை விட்டு மேலே எழும்பின. தவமணி என் துடையில் கைவைத்தாள். ஹாண்ட் பிறேக், பிறகு என்ஜின். குகனுக்குப் போன் வர, அவன் கதவைத் திறந்து இறங்கி, புல்லுக்குள் நடந்தபடி கதைக்கப் போய்விட்டான். அவனுக்கு அது வெறும் புல்.

சிவமலர் திரும்பினார். "சேர், இப்ப இறங்குங்கோ."

என் கை கதவுப் பிடியில் இருந்தது. வெளியே பார்த்தேன். நேரே பார்த்தால் எனக்கு எல்லாம் தெரியும்.

"கீழ என்ன கிடக்குத் தங்கச்சி?"

"புல்லுத்தான் சேர். நான் பாத்தனான்."

கதவைத் திறந்து இடது காலைக் கீழே வைத்தேன். பிறகு மற்றக் காலையும் வைத்தேன்.